மத்திய அமெரிக்கக் கிராமங்கள் வழியே சாலைப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குவாத்தமாலாவில் தொடங்கி பனாமா வரை, பெரும்பாலும் சிற்றூர்களிலேயே தங்கி வண்டியில் போய் வந்தேன். அதிலிருந்து இந்தப் பகுதிக்குப் போக ஆசைப்படும் தமிழ் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. மாயா பிரமிடுகள், கடற்கரை விடுதிகள் பற்றியெல்லாம் வேறு இடங்களில் நிறையவே கிடைக்கும். எனக்கு ஊர்களும் அங்கே வாழும் மக்களும்தான் முக்கியம். அதனால் சில பதில்கள் நீளும், சில ஓரிரு வரியில் முடிந்துவிடும்.

எந்த வழியாகப் போகலாம்? எத்தனை நாள் வேண்டும்?

மெக்சிகோவுக்கும் கொலம்பியாவுக்கும் நடுவில் ஏழு நாடுகள்: குவாத்தமாலா, பெலீஸ், எல் சால்வடோர், ஹோண்டுராஸ், நிகராகுவா, கோஸ்டா ரிகா, பனாமா. பெலீஸைத் தவிர மற்ற ஆறையும் பான்-அமெரிக்கன் நெடுஞ்சாலை இணைக்கிறது. ஹோண்டுராஸில் அது தெற்கு ஓரத்தை மட்டும் தொட்டுவிட்டு நிகராகுவாவுக்குள் போய்விடும். நெடுஞ்சாலையையே பிடித்துக்கொண்டு போகிறவர்கள் அந்த நாட்டை அரை நாளில் கடந்துவிடுகிறார்கள். கோபான் மாயா இடிபாடுகள், லா கம்பா என்ற மலையூர், கரீபியன் கரை என்று அங்கே பார்க்க வேண்டியதெல்லாம் அந்தச் சாலையை விட்டு வெகுதூரத்தில் இருக்கிறது.

ஒரு மாதம்தான் கிடைக்கும் என்றால் குவாத்தமாலாவும் எல் சால்வடோரும் போதும். ஆறு நாட்டையும் ஒரே மூச்சில் முடிக்க நினைத்தால் எல்லைச் சாவடி வரிசையும் பெட்ரோல் பங்கும்தான் நினைவில் நிற்கும். ஓர் ஊரில் இரண்டு இரவாவது தங்குங்கள். முதல் நாள் வேடிக்கை பார்க்கும் வெளியூர்க்காரராகத்தான் தெரிவீர்கள். மறுநாள் காலையில் அதே கடைக்காரம்மா தானாகவே பேச்சுக் கொடுப்பார்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டுமா?

அமெரிக்காவின் செல்லுபடியாகும் பலமுறை நுழைவு விசா கையில் இருந்தால் இங்குள்ள பல நாடுகள் தனி விசா கேட்பதில்லை. நிபந்தனைகள் நாட்டுக்கு நாடு வேறு, அடிக்கடி மாறவும் செய்கின்றன. அதனால் ஒவ்வொரு தூதரகத்திடமும் எழுத்தில் பதில் வாங்கி, அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். குவாத்தமாலா, எல் சால்வடோர், ஹோண்டுராஸ், நிகராகுவா நான்கும் 2006இல் சி.ஏ.-4 என்ற உடன்பாடு செய்துகொண்டன. சுற்றுலாப் பயணிக்கு நான்கிலும் சேர்த்தே 90 நாள்தான். நாட்டுக்கு 90 நாள் என்று நினைத்து மாட்டிக்கொள்பவர்கள் நிறைய.

எல் சால்வடோருக்கு விமானத்தில் போவதாக இருந்தால் இன்னொன்றையும் விசாரியுங்கள். இந்தியா உள்ளிட்ட பல நாட்டுப் பாஸ்போர்ட்களுக்கு 2023 அக்டோபரில் அங்கே ஆயிரம் டாலருக்கு மேல் விமான நிலையக் கட்டணம் விதித்தார்கள்.

வாடகைக் காரிலேயே எல்லை தாண்ட முடியுமா?

பெரும்பாலான வாடகை நிறுவனங்கள் விடுவதில்லை. விட்டாலும் அனுமதிக் கடிதத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு. நாட்டுக்கு ஒரு வாடகை வண்டி எடுத்து, எல்லையை மட்டும் பேருந்திலோ நடந்தோ கடப்பது எளிது. சொந்த வண்டி என்றால் ஒவ்வொரு நாட்டிலும் தற்காலிக இறக்குமதி அனுமதி எடுக்க வேண்டும், வெளியேறும்போது அதை ரத்து செய்துவிட்டுத்தான் போக வேண்டும். ரத்து செய்யாமல் போனால் அடுத்த முறை அந்த நாட்டுக்குள் வண்டியோடு நுழைவது பெரும்பாடு. பாஸ்போர்ட், உரிமம், வண்டிப் பத்திரம் எல்லாவற்றுக்கும் நகல் ஒரு கட்டு கொண்டுபோங்கள்.

சாவடிக்கு அரை கிலோமீட்டர் முன்பே இளைஞர்கள் வண்டியோடு ஓடிவந்து, காகித வேலையை முடித்துத் தருகிறோம் என்பார்கள். இவர்கள் திருடர்கள் இல்லை, இதுதான் அவர்கள் பிழைப்பு. வேண்டுமென்றால் ஒருவரிடம் மட்டும் முதலிலேயே தொகை பேசிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டை மட்டும் உங்கள் கையிலேயே வைத்திருங்கள். நிகராகுவாவுக்குள் ட்ரோன் கொண்டுபோகவே கூடாது, எல்லையிலேயே பறிமுதல் செய்துவிடுவார்கள்.

சாலைகள் எப்படி?

பிரதான சாலைகள் நன்றாகவே இருக்கின்றன. வண்டிகள் வலப்பக்கம் ஓடும். ஒவ்வொரு ஊரின் நுழைவிலும் நடுவிலும் வெளியேறும் இடத்திலும் வேகத்தடை இருக்கும். பலவற்றுக்குப் பெயின்ட்டும் கிடையாது, பலகையும் கிடையாது. ஆனால் வேகத்தடை இருக்கும் இடத்தில்தான் மாங்காய், முந்திரிப் பழம், அவித்த சோளம் விற்கும் பெண்கள் நிற்பார்கள். தூரத்தில் அவர்களைப் பார்த்தால் பிரேக்கில் கால் வையுங்கள்.

வளைவுக்கு முன்னால் சாலையில் பச்சைக் கிளைகள் கிடந்தால், அந்தப் பக்கம் லாரி நின்றுபோயிருக்கிறது என்று பொருள். நம்மூர் லாரிக்காரர்கள் செய்வதும் இதேதான் என்பதால் இதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மழைக்காலம் மே முதல் அக்டோபர் வரை. குவாத்தமாலா மலைச்சாலைகளில் அப்போது மண் சரியும். காலையில் கிளம்பி, பிற்பகல் மழைக்கு முன் ஊர் சேர்ந்துவிட வேண்டும். இருட்டிய பின் ஓட்டவே வேண்டாம். கொள்ளை பயம் ஒரு காரணம். விளக்கில்லாத சைக்கிள்களும் சாலையில் படுத்திருக்கும் மாடுகளும் அதைவிடப் பெரிய காரணம்.

வண்டி ஓட்ட விருப்பம் இல்லாதவர்களுக்கு, அமெரிக்காவில் ஓய்வு பெற்ற பள்ளிப் பேருந்துகள் இங்கே வண்ணமும் குரோமியமும் பூசிக்கொண்டு ஓடுகின்றன. குழந்தைகளுக்கான இருக்கையில் பெரியவர்கள் மூன்று பேர் உட்கார்வார்கள். கண்டக்டர் ஓடும் வண்டியின் பின்புற ஏணியில் ஏறிக் கூரையில் மூட்டை கட்டுவார். ஒரு தடவையாவது அதில் போங்கள். பக்கத்து இருக்கைக்காரரோடு பேசாமல் இருக்கவே முடியாது.

பாதுகாப்பான பகுதிதானா?

இதற்கு ஒரே வரியில் பதில் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். கொலைச் செய்திகளில் வருபவை பெரும்பாலும் பெருநகரங்களின் சில பகுதிகள். மலைக் கிராமத்தில் இரவு எட்டு மணிக்கெல்லாம் கதவு சாத்திவிடுகிறார்கள். எல் சால்வடோரில் 2022 மார்ச் முதல் அவசர நிலை நடைமுறையில் இருந்துவருகிறது. கும்பல்களின் பிடி தளர்ந்து, பத்து ஆண்டுகளுக்கு முன் கால் வைக்க முடியாத தெருக்களில் இப்போது குழந்தைகள் பந்து விளையாடுகிறார்கள். அதே தெருவில், குற்றம் எதுவும் செய்யாமல் பிடித்துப்போகப்பட்ட மகனுக்காகக் காத்திருக்கும் தாய்மாரும் இருக்கிறார்கள். இரண்டும் உண்மை. பயணி ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வந்து தீர்ப்புச் சொல்வது சரியில்லை.

நடைமுறைக்கு ஒரே விதி: அடுத்த ஊருக்குக் கிளம்புமுன் இன்றைய ஊரில் கேளுங்கள். எந்த வழி நல்ல வழி, எந்த நேரத்தில் போகலாம் என்று கடைக்காரருக்கும் ஓட்டுநருக்கும் தெரியும்.

இந்தியர் என்றால் எப்படிப் பார்க்கிறார்கள்?

ஆர்வத்தோடுதான். ஆனால் சமீப ஆண்டுகளில் இன்னொரு கோணமும் சேர்ந்திருக்கிறது. அமெரிக்காவுக்குப் போக முயலும் இந்தியர்கள் பலர் இந்த நாடுகள் வழியாகத்தான் போனார்கள். 2023 டிசம்பரில் நிகராகுவாவுக்குப் புறப்பட்ட ஒரு வாடகை விமானத்தைப் பிரான்சில் நிறுத்தியபோது, உள்ளே இருந்த 303 பயணிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள். அதனால் சாலைச் சோதனைச் சாவடியில் நம்மைப் பார்த்ததும் போலீசார் கூடுதலாக இரண்டு கேள்வி கேட்பார்கள். தங்கும் இடத்தின் முன்பதிவு, நாடு திரும்பும் டிக்கெட் இரண்டையும் காட்டினால் முடிந்துவிடும்.

கிராமங்களில் நிலைமை வேறு. அங்கே ஏறக்குறைய எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் வடக்கே போயிருக்கிறார். இந்த நாடுகள் பலவற்றில் மொத்தப் பொருளாதாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் மேல் அப்படிப் போனவர்கள் அனுப்பும் பணம். மண் வீடுகளுக்கு நடுவே ஒற்றையாக நிற்கும் மூன்று மாடிக் கான்கிரீட் வீட்டைப் பார்த்தாலே புரியும். இந்தியாவிலிருந்தும் ஆட்கள் இந்த வழியாகவே நடந்துபோனார்கள் என்று தெரிந்ததும், நம்மிடம் அவர்கள் பேசும் தொனியே மாறிவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. நாட்டைச் சொல்லும்போது ‘சோய் தே லா இந்தியா’ (நான் இந்தியாவைச் சேர்ந்தவன்/சேர்ந்தவள்) என்று சொல்லுங்கள். ‘இந்தியோ’ என்பது அங்கே பழங்குடி மக்களை நெடுங்காலமாக இழிவுபடுத்திவரும் சொல். தெரியாமல் சொன்னாலும் எதிரில் இருப்பவர் முகம் சுருங்கிவிடும்.

ஸ்பானிஷ் தெரியாமல் சமாளிக்கலாமா?

விடுதிகளில் சமாளிக்கலாம், கிராமங்களில் முடியாது. குவாத்தமாலாவின் அந்திகுவா, கேத்சால்தெனாங்கோ, சான் பெத்ரோ லா லகூனா ஆகிய ஊர்களில் ஓர் ஆசிரியருக்கு ஒரு மாணவர் என்ற முறையில் பாடம் நடத்தும் பள்ளிகள் நிறைய இருக்கின்றன. ஒரு குடும்பத்தோடு தங்கிச் சாப்பிடவும் அவர்களே ஏற்பாடு செய்வார்கள். பயணத்தின் முதல் இரண்டு வாரத்தை இதற்குக் கொடுங்கள், அந்தச் செலவு வீணாகாது.

ஸ்பானிஷ் வந்துவிட்டால் எல்லாரோடும் பேசலாம் என்பதும் இல்லை. குவாத்தமாலாவில் மாயா மொழிகளே 22 இருக்கின்றன. கிச்சே, கக்சிகேல், மாம், கெக்சி, இக்சில் என்று பள்ளத்தாக்குக்கு ஒன்று. பல ஊர்களில் வயதான பெண்கள் ஸ்பானிஷை நம்மைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகப் பேசுவார்கள். அப்போது பேத்திகள் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பார்கள். அந்த ஊர் மொழியில் வணக்கமும் நன்றியும் கற்றுக்கொண்டு போனால் அதற்கே ஒரு சிரிப்பு கிடைக்கும்.

ஊருக்குள் போனதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

வணக்கம் சொல்லுங்கள். எதிரில் வருகிற எல்லாருக்கும் ‘புவெனாஸ்’. கடைக்குள் நுழையும்போதும், பேருந்தில் ஏறும்போதும், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியைத் தாண்டும்போதும். சாப்பாட்டுக் கடையிலிருந்து எழுந்து போகிறவர் முன்பின் தெரியாத பக்கத்து மேசைக்காரரிடமும் நன்றாகச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் வெளியேறுவார். வணக்கம் சொல்லாமல் நேராக விலை கேட்பது அங்கே முரட்டுத்தனம்.

பிறகு ஊரின் சின்ன மளிகைக் கடைக்குப் போங்கள். குவாத்தமாலாவில் பல கடைகளுக்கு முன்னால் இரும்புக் கிராதி இருக்கும். கையை உள்ளே விட்டுத்தான் சோடா வாங்க வேண்டும். வாங்கியதைக் கடை வாசலிலேயே நின்று குடியுங்கள். யார் வீட்டில் அறை வாடகைக்குக் கிடைக்கும், பாலம் உடைந்த சாலை எது, நாளைக்கு எங்கே சந்தை என்பதெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நிகராகுவாவில் முகவரி கண்டுபிடிக்கவே முடியவில்லையாமே?

அங்கே முகவரி என்பது ஓர் அடையாளத்திலிருந்து எத்தனை தெரு என்ற கணக்குதான். தலைநகர் மனாகுவாவில் வடக்கு என்று சொல்ல மாட்டார்கள், ஏரிப் பக்கம் என்பார்கள். கிழக்குக்கு மேலே, மேற்குக்குக் கீழே. கதிரவன் ஏறுவதும் இறங்குவதும்தான் கணக்கு. 1972 நிலநடுக்கத்தில் இடிந்துபோன கட்டடங்கள்கூட இன்னும் அடையாளமாக இருக்கின்றன: முன்பு அது இருந்த இடத்திலிருந்து இரண்டு தெரு கீழே. வரைபடச் செயலி வைத்துக்கொண்டு அலைவதைவிட, மாலையில் வாசலில் ஆடுநாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் கேட்பதே நல்லது. மசாயா, கிரனாடா தெருக்களில் வெயில் தாழ்ந்ததும் வீட்டுக்கு இரண்டு நாற்காலி வெளியே வந்துவிடும்.

சாப்பாடு எப்படி? சைவம் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டும். வறுத்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைப்பதும் உண்டு. இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் இந்த இரண்டும் தட்டுக்கு வந்துவிடும். எல் சால்வடோரில் சைவர்களுக்குக் கவலையே இல்லை. சோள மாவுக்குள் பாலாடைக்கட்டி, பீன்ஸ், பூசணி அல்லது லொரோக்கோ என்ற கொடியின் மொட்டுகளை வைத்துத் தட்டிச் சுடும் புபுசா தெருவுக்குத் தெரு கிடைக்கும். ஒலோகுயில்தா என்ற ஊரில் அரிசி மாவிலும் செய்கிறார்கள். கூடவே புளித்த முட்டைக்கோஸ். கையால் பிய்த்துத்தான் சாப்பிட வேண்டும்.

மக்காச்சோள ரொட்டி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிராமத்தின் நாளே அதைச் சுற்றித்தான் ஓடுகிறது. காய்ந்த சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து இரவு முழுக்க ஊறவிடுகிறார்கள். விடியுமுன் அதைக் கழுவி, பிளாஸ்டிக் பாத்திரத்தில் தலையில் சுமந்து ஊர் மில்லுக்குப் பெண்கள் வரிசையாகப் போவார்கள். அந்த மில் ஓடும் சத்தத்தில்தான் நீங்களும் கண் விழிப்பீர்கள். சுண்ணாம்பு சேர்வதால் தோல் கழன்று மாவு சேர்ந்து வருகிறது. சோளத்தில் உடலுக்குக் கிட்டாமல் பூட்டிக்கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினும் கிடைக்கிறது. இந்த முறையை விட்டுவிட்டுச் சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டுபோன ஐரோப்பாவின் ஏழைகள், அந்த வைட்டமின் குறைவால் வரும் பெல்லக்ரா நோயில் செத்தார்கள். மாயா பெண்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அந்த நோய் அண்டாமல் பிள்ளை வளர்த்தார்கள்.

மண் தோசைக்கல்லில் மாவு ஒட்டாதிருக்க அதன் மேலும் சுண்ணாம்பு நீர் பூசுகிறார்கள். பிறகு உள்ளங்கைகளுக்கு நடுவே மாவைச் சுழற்றிச் சுழற்றித் தட்டும் ஓசை. குவாத்தமாலாவின் நெபாஜ் அருகே ஒரு வீட்டில் நானும் தட்டினேன். ஓரமெல்லாம் வெடித்த என் ரொட்டியை அந்த வீட்டம்மா தூக்கிப்போடாமல் கல்லில் போட்டுச் சுட்டு, முதல் ஆளாக அவரே உப்புத் தொட்டுச் சாப்பிட்டார்.

போட்டோ எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். குழந்தைகளை, பெற்றோர் பக்கத்தில் இருந்து சம்மதித்தாலொழிய, எடுக்கவே வேண்டாம். 2000 ஏப்ரலில் குவாத்தமாலாவின் தோதோஸ் சாந்தோஸ் குச்சுமத்தான் என்ற மலையூரில், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி கிளம்பி, ஜப்பானியப் பயணி ஒருவரையும் பேருந்து ஓட்டுநர் ஒருவரையும் கூட்டம் அடித்துக் கொன்றது. அந்த அச்சம் வெறும் மூடநம்பிக்கையில் பிறந்ததில்லை. உள்நாட்டுப் போர்க்காலத்தில் குழந்தைகள் காணாமல் போயிருந்தார்கள். குவாத்தமாலாவிலிருந்து வெளிநாடுகளுக்குத் தத்துக் கொடுப்பதில் நடந்த முறைகேடுகளால் பின்னர் அதையே நிறுத்த வேண்டிவந்தது. இன்று அதே ஊருக்கு நவம்பர் 1 அன்று நடக்கும் குதிரைப் பந்தயம் பார்க்கப் பயணிகள் போகிறார்கள், நன்றாகவே வரவேற்கிறார்கள். கேமராவை எப்போது பையில் வைக்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

குவாத்தமாலாவின் சிச்சிகாஸ்தெனாங்கோவில் வியாழனும் ஞாயிறும் சந்தை. சாந்தோ தோமாஸ் தேவாலயப் படிகளில் கிச்சே பூசாரிகள் கோபால் என்ற மரப்பிசினைச் சாம்பிராணியாகப் போட்டு முன்னோரை வேண்டுவார்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. வெளியிலும் வேண்டுகிறவர் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவது அநாகரிகம்.

அதித்லான் ஏரியைச் சுற்றி எந்த ஊர்?

குவாத்தமாலாவில் மூன்று எரிமலைகளுக்கு நடுவே கிடக்கும் ஏரி அது. கரையூர்களுக்குப் பனஹச்செலிலிருந்து படகு. பிற்பகலில் சோகோமில் என்ற காற்று எழும்பி ஏரி கொந்தளிக்கும், அதனால் காலையிலேயே கடந்துவிடுங்கள்.

சான் ஹுவான் லா லகூனாவில் பெண்களின் நெசவுக் கூட்டுறவுகள் இருக்கின்றன. தறியின் ஒரு முனை திண்ணைத் தூணில், மறுமுனை நெய்கிறவரின் இடுப்பில். பின்னால் சாய்ந்தால் பாவு இறுகும், முன்னால் வந்தால் தளரும். உடம்பே தறியின் ஒரு பாகம். மரப்பட்டை, வேர், பூச்சி என்று சாயம் எதிலிருந்து வந்தது என்பதை நூலைக் கையில் வைத்தே சொல்லித்தருவார்கள். நல்ல வேலைப்பாடுள்ள ஒரு மேலாடைக்கு மாதக்கணக்கில் ஆகும். அதனால் அங்கே பேரம் பேசாதீர்கள். சந்தையில் இயந்திரத் துணிக்குப் பேசிக்கொள்ளலாம்.

என் மனம் தங்கியது எதிர்க்கரையிலுள்ள சந்தியாகோ அதித்லானில். சூதுஹில் என்ற மாயா மக்களின் ஊர். மாஷிமோன் என்ற தெய்வம் அங்கே கோயிலில் இல்லை, வீட்டில் இருக்கிறது. மரத்தில் செய்த உருவம், தொப்பி, அடுக்கடுக்காகக் கழுத்துத் துணிகள், வாயில் சுருட்டு. ஒரு சமயக் குழுவினர் பொறுப்பில், ஆண்டுக்கு ஒரு வீடாக மாறும். இருட்டறையில் மெழுகுவர்த்திக்கு முன் மது ஊற்றி வேண்டுவார்கள். கடன், நோய், காதல் எதையும் கேட்கலாம். நுழைவதற்கும் படம் எடுப்பதற்கும் சிறு காணிக்கை உண்டு. பயணிகளுக்கான காட்சி என்று நினைத்து உள்ளே போனால், பக்கத்தில் ஒருவர் கண்ணீரோடு வேண்டிக்கொண்டிருப்பார். சத்தம் போடாமல் ஓரமாக உட்காருங்கள்.

அதே ஊரின் தேவாலயத்தில் ஸ்டான்லி ராதர் என்ற பாதிரியாரின் இதயம் வைக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் ஓக்லஹோமாவிலிருந்து 1968இல் வந்தவர். சூதுஹில் மொழி கற்று அதிலேயே வழிபாடு நடத்தினார். உயிருக்கு ஆபத்து வந்து சில மாதம் ஊரை விட்டுப் போயிருந்தும், தெரிந்தே மீண்டும் அங்கே திரும்பி வந்த அவரை 1981 ஜூலையில் சுட்டுக் கொன்றார்கள். உடல் அமெரிக்காவுக்குப் போனது, இதயத்தை ஊர் வைத்துக்கொண்டது. 1990 டிசம்பர் 2 அன்று நிராயுதபாணிகளாகத் திரண்ட ஊர்மக்கள் மீது ராணுவம் சுட்டதில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு ராணுவ முகாமை எடுத்தே ஆக வேண்டும் என்று போராடி, ஊர் ராணுவத்தை வெளியேற்றியது. 2005 அக்டோபரில் ஸ்டான் புயல் மழையில் மலை சரிந்து பக்கத்துப் பனபாஜ் குடியிருப்பு மண்ணுக்குள் போனது. இத்தனைக்கும் பிறகு அந்தச் சந்தையில் பெண்கள் சிவப்புப் பாவாடையும் பறவைகள் பூத்த மேலாடையுமாக உட்கார்ந்து வெண்ணெய்ப்பழம் விற்கிறார்கள்.

போரைப் பற்றி அவர்களிடம் பேசலாமா?

நீங்களாகத் தொடங்க வேண்டாம். அவர்கள் தொடங்கினால் கடைசிவரை கேளுங்கள். குவாத்தமாலாவின் உள்நாட்டுப் போர் 1960 முதல் 1996 வரை. உண்மை அறியும் குழுவின் கணிப்பில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் மாயா மக்கள். எல் சால்வடோரில் 1980 முதல் 1992 வரை சுமார் 75,000 பேர். ஐம்பது வயதைத் தாண்டிய எவரிடம் பேசினாலும் அந்தப் பன்னிரண்டு ஆண்டில் ஏதாவது ஒரு நாள் அவர் மனதில் இருக்கும்.

பேசுவதற்கென்றே இடங்கள் உண்டு. எல் சால்வடோரின் மொராசான் மாவட்டத்துப் பெர்கீனில் முன்னாள் கெரில்லாக்கள் அருங்காட்சியகம் நடத்துகிறார்கள். தலைமறைவு வானொலி நிலையத்தின் கருவிகளை அங்கே பார்க்கலாம். பக்கத்தில் எல் மொசோத்தே. 1981 டிசம்பரில், அமெரிக்கப் பயிற்சி பெற்ற, அரசு ராணுவத்தின் அத்லகாத்ல் படைப்பிரிவு அங்கும் சுற்றுக் குடியிருப்புகளிலும் ஏறக்குறைய ஆயிரம் பேரைக் கொன்றது, பாதிக்கு மேல் குழந்தைகள். ருஃபினா அமாயா மரத்தின் பின்னால் ஒளிந்து தப்பினார். கணவரையும் பிள்ளைகளையும் அன்று இழந்த அவர், 2007இல் இறக்கும்வரை நடந்ததைச் சொல்லிக்கொண்டே இருந்தார். நெடுங்காலம் அரசுகள் மறுத்தன. இன்று தேவாலயச் சுவரில் குழந்தைகளின் பெயர்கள் வயதோடு இருக்கின்றன. அந்த ஊர்ப் பெண்களே வழிகாட்டிகள். அவர்கள் மூலமாகவே போங்கள், அவர்கள் கூலியைக் கொடுங்கள், எண்ணிக்கையைப் பற்றி வாதாடாதீர்கள். மூன்று நாள் என்று பிறந்த குழந்தையின் வயதை அந்தச் சுவரில் படித்தபின் எனக்குக் கேள்வி எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

எல் சால்வடோரின் மேற்குப் பக்கம் மலர்ப் பாதை என்று அழகான சாலை ஒன்று இருக்கிறது. நகுயிசல்கோ, ஹுவாயுவா, அபனேகா, அதாகோ. காப்பித் தோட்டங்கள், வாரக்கடைசி உணவுத் திருவிழா எல்லாம் உண்டு. 1932இல் இந்தப் பகுதியில்தான் நிலத்துக்காக எழுந்த பழங்குடி மக்களை ராணுவம் கொன்று குவித்தது, பத்தாயிரம் முதல் முப்பதாயிரம் வரை என்கிறார்கள். தப்பியவர்கள் உயிருக்குப் பயந்து உடையையும் நவாத் மொழியையும் கைவிட்டார்கள். இப்போது சாந்தோ தொமிங்கோ தே குஸ்மானில், மிச்சமிருக்கும் பாட்டிமார் மழலையர் பள்ளியில் குழந்தைகளுக்கு நவாத் பேசிப் பழக்குகிறார்கள். மலர்ப் பாதைக்குப் போகிறவர்கள் கொஞ்சம் விலகி அந்த ஊருக்கும் போக வேண்டும் என்று நான் எல்லாரிடமும் வற்புறுத்துகிறேன்.

நம் ஊரோடு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, ஏலக்காய். உலகிலேயே மிக அதிகமாக ஏலக்காய் ஏற்றுமதி செய்யும் நாடு குவாத்தமாலா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் காப்பித் தோட்டக்காரர்கள் கொண்டுவந்த செடி. இன்று அந்நாட்டுக் கோபான் நகரை (ஹோண்டுராஸின் கோபான் வேறு) சுற்றிய அல்தா வெராபாஸ் மலைகளில் கெக்சி குடும்பங்கள் சின்னச் சின்ன நிலத்தில் வளர்க்கிறார்கள். செம்மண் சரிவு, மரநிழல், பச்சைக் காயின் மணம். போடிநாயக்கனூர்ப் பக்கத்து ஆட்களுக்குக் கண்ணைக் கட்டி விட்டாலும் இடம் புரிந்துவிடும். பறித்த காயை ஈரமாகவே இடைத்தரகரிடம் விற்றுவிடுகிறார்கள். விறகு உலர்த்திகளில் காய்ந்து, பெரும்பங்கு அரபு நாடுகளின் காப்பிக்குப் போகிறது. வளர்க்கிறவர்கள் வீட்டுச் சமையலில் அது அநேகமாக இல்லவே இல்லை. இந்தியாவில் டீயில் போடுவோம் என்று சொல்லி ஒரு வீட்டில் கொதிக்கவைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு, கிலோ உங்கள் ஊரில் என்ன விலை என்பதைத்தான் முதலில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. போடியில் ஏலக்காய் விலை ஏறி இறங்குவதும் அங்கே காய் வாங்கும் விலையும் ஒன்றுக்கொன்று தொடர்புள்ளவை.

ஹோண்டுராஸில் எங்கே தங்குவது?

குவாத்தமாலாவிலிருந்து எல் ஃப்ளோரிதோ எல்லை வழியே கோபானுக்கு வந்து, மாயா சிற்பங்களைப் பார்த்த கையோடு லா பின்தாதாவுக்கு ஏறுங்கள். சோளத் தோகையில் பொம்மை செய்யும் சோர்த்தி என்ற மாயா மக்களின் ஊர். பிறகு கிராசியாஸ் தாண்டி லா கம்பா, லெங்கா பழங்குடிப் பெண்கள் சக்கரமில்லாமல் வனையும் பானைகள். லெங்கா ஊர்களில் பெர்த்தா காசெரஸின் படத்தை எங்கும் பார்ப்பீர்கள். ஆற்றில் அணை கட்டுவதை எதிர்த்த அவரை 2016 மார்ச்சில் வீட்டிலேயே கொன்றார்கள்.

வடகரையில் கரிஃபுனா ஊர்கள். 1797இல் ஆங்கிலேயர்கள் செயின்ட் வின்சென்ட் தீவிலிருந்து ரோவாத்தானுக்கு நாடுகடத்திய கறுப்பின, கரீபிய மக்களின் வழிவந்தவர்கள். அவர்களின் மொழி, ஆடல், பாடலை யுனெஸ்கோ 2001இல் சிறப்பித்தது. மரவள்ளியைத் துருவி, நீண்ட பின்னல் குழாயில் அடைத்துச் சாறு பிழிந்து, பெரிய தட்டை ரொட்டியாகச் சுடுகிறார்கள். தேங்காய்ப்பாலில் மீன் குழம்பு, இடித்த வாழைக்காய். திரியுன்ஃபோ தே லா குரூஸ் ஊரின் நிலத்தை ஹோண்டுராஸ் அரசு காக்கத் தவறியது என்று 2015இல் அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரிய விடுதியில் தங்காமல் ஊர்க்காரர் வீட்டு அறையில் தங்குங்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

குழந்தைகளுக்கு மிட்டாய், பேனா, காசு கொடுக்கலாமா?

வேண்டாம். கொடுக்க மனமிருந்தால் ஊர்ப் பள்ளி ஆசிரியரைக் கேட்டு, தேவைப்படுவதை அந்த ஊர்க் கடையிலேயே வாங்கிக் கொடுங்கள். அழைத்த வீட்டுக்குக் காப்பித்தூள், சர்க்கரை, பழம். குடும்பப் படம் ஒன்றை அச்செடுத்துக் காட்டினால் பேச்சு நீளும். பணம் சில்லறையாகவே இருக்கட்டும். எல் சால்வடோரிலும் பனாமாவிலும் அமெரிக்க டாலர்தான் ஓடுகிறது, ஆனால் கிராமத்தில் நூறு டாலர் நோட்டுக்கு மதிப்பே கிடையாது.

கோஸ்டா ரிகா செலவு அதிகமாமே, தவிர்க்கலாமா?

செலவு அதிகம்தான். 1948இல் ராணுவத்தையே கலைத்துவிட்ட நாடு. போர் நடந்த ஊர்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் உறைக்கும். சார்சீயில் வண்ணம் தீட்டிய மாட்டுவண்டிகள், டிசம்பர் கடைசியில் பொருகா பழங்குடி மக்களின் முகமூடி ஆட்டம். நாள் குறைவாக இருந்தால் இந்த நாட்டையே சுருக்கிக்கொள்ளுங்கள்.

சாலை எங்கே முடிகிறது?

பனாமாவின் தாரியென் பகுதியில், யாவிசா என்ற ஊரில். அதற்கப்பால் கொலம்பியா வரை சுமார் நூறு கிலோமீட்டர் காடு, சாலை கிடையாது. யாவிசா வரை போய்த் திரும்புவதைவிட, அதற்கு முன்பே எல் யானோவில் இடப்பக்கம் திரும்பி, குணா பழங்குடி மக்களின் தன்னாட்சிப் பகுதியான குணா யாலாவுக்குப் போவதே என் தேர்வு. செங்குத்தான மலைச்சாலை என்பதால் நான்கு சக்கர இயக்க வண்டி இல்லாமல் விடமாட்டார்கள். சாவடியில் குணா மக்களே பாஸ்போர்ட் பார்த்துக் கட்டணம் வாங்குகிறார்கள். 1925இல் கிளர்ந்தெழுந்து பெற்ற தன்னாட்சி அது, இன்றும் ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஊர்கள் அந்த எழுச்சியை நடித்துக் கொண்டாடுகின்றன. கடல் ஏறிவருவதால் கார்தி சுக்துப் தீவிலிருந்து சுமார் 300 குடும்பங்கள் 2024 ஜூனில் கரையில் கட்டிய புதிய குடியிருப்புக்கு மாறின. தீவை விட மனமில்லாமல் சிலர் அங்கேயே இருக்கிறார்கள். இரு பக்கத்தாரோடும் பேசுங்கள். குணா பெண்கள் துணி அடுக்கித் தைக்கும் மோலா வாங்கினால் தைத்தவரிடமே வாங்குங்கள், படம் எடுக்க ஒரு டாலர் கேட்டால் கொடுத்துவிடுங்கள். வண்டியைக் கார்தி துறையில் கட்டணம் கட்டி விட்டுவிட்டுப் படகில் போக வேண்டும். பெட்ரோலைக் கிளம்புமுன் செப்போவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.